யாரும் இல்லைதானே?

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களுக்கு ‘பீல்’ தெரிந்திருக்கும். கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்று பத்தி பத்தியாக எழுதும் முறை. அதை நம்பித்தான் தொடக்கக் கல்லூரியில் எச்2 (ஏ நிலைத் தேர்வுக்கான ஒரு பாடநிலை) தமிழ்மொழியும் இலக்கியமும் எடுத்தேன். வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

முதல் மாதமே ஆசிரியை குறுந்தொகையின் 25ஆம் பாட்டைக் கொடுத்தார். கபிலர் பாடியது, தலைவி கூற்று. உரை கிடையாது, நாலைந்து அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

முதல் வரியில் இருந்தது, நாம் அடுக்குமாடி புளோக் கீழே நின்று பேசும் ‘தானே’ என்று நினைத்துவிட்டேன். “யாரும் இல்லைதானே?” என்று தலைவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரகசியம் பேசுவதாக அரைப் பக்கம் எழுதினேன். ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘இல்லை’க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். “இங்க நிறுத்திப் படி.”

யாரும் இல்லை. தானே கள்வன். அங்கே இருந்தவன் அவன் ஒருவன்தான், அவனே கள்வன். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அவன் தன்னோடு கூடிய அன்று ஒரு குருகும், அதாவது கொக்கும், அங்கே இருந்ததாம்.

சரி, பொருள் பிடிபட்டுவிட்டது என்று முழுப் பாட்டையும் பிழையில்லாமல் விளக்கி எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் ஒரே வரி: “இது பொழிப்புரை.” கோபமாக வந்தது. எழுதியதில் தப்பே இல்லையே! அதற்கு ஆசிரியை கேட்டது: “கொக்கை எடுத்துட்டா பாட்டு நிக்குமா?”

எடுத்துப் பார்த்தேன். நிற்கத்தான் செய்தது, முறையீடு முதல் இரண்டு வரியிலேயே முடிந்துவிடுகிறது. அப்படியானால் ஒரு பறவைக்கு மூன்று வரி ஏன்?

அந்த வாரக் கடைசியில் அப்பாவோடு பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். காலாங் ஆறு அங்கே முன்பு கான்கிரீட் கால்வாயாக இருந்தது. 2012இல்தான் அதை வளைந்து ஓடும் ஆறாக்கித் திறந்தார்கள். பாறை ஓரத்தில் சின்னக் கொக்கு ஒன்று அசையாமல் நின்றது. படம் எடுக்கக் கிட்டே போனேன், பறக்கவில்லை. “அது உன்னை எங்கம்மா பாக்குது? மீனைப் பாக்குது,” என்றார் அப்பா.

ஆரல் மீனைப் பார்க்கும் குருகு! இருந்த ஒரே சாட்சியும் இவர்களைப் பார்க்கவில்லை. ‘குருகும்’ என்பதில் உள்ள அந்த ‘உம்’மில்தான் அவளுடைய கையறுநிலை முழுவதும் இருக்கிறது: கொக்கு ஒன்றும் இருந்தது, ஆனால் என்ன பயன்? கொக்கின் தினைத்தாள் போன்ற கால்வரை அவளுக்கு நினைவிருக்கிறதே, வெட்கத்தில் தலையைக் குனிந்தபடியே இருந்திருப்பாளோ என்றும் எழுதினேன். ஆசிரியை ஓரத்தில் கேள்விக்குறி போட்டார், மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை.

உரைநடைப் பகுதி எனக்கு இதைவிடச் சுலபம். பயிற்சிக்குத் தந்த ஒரு பகுதியில், மகன் வெளிநாடு போன அன்று அம்மா அவன் குடித்த டம்ளரை இரண்டு தடவை கழுவுவாள். “அவள் வருந்துகிறாள்” என்று எழுதினேன். “எந்த வரியில வருந்துறா?” என்றார் ஆசிரியை. அப்புறம் அந்த ‘இரண்டு தடவை’யைப் பற்றியே ஒரு பத்தி எழுதினேன்.

தேர்வில் வேறு பாட்டு வந்தது. எங்கே நிறுத்துவது என்று பார்க்க, சத்தமில்லாமல் வாயசைத்து மூன்று முறை படித்தேன். மேற்பார்வையாளர் மெல்ல என் மேசைப் பக்கம் வந்து நின்றார். வினாத்தாளில் பென்சிலால் போட்டிருந்த கோடுகளைச் சுட்டிக் காட்டினேன். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.