சித்தியின் சுண்ணக்கட்டி

சிங்கப்பூரின் ஈசூனில் என் மகனுக்குத் தடுப்பூசி போடவேண்டிய நாளைக் கைப்பேசியே நினைவூட்டிவிடுகிறது. தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் இங்கே அது சட்டப்படி கட்டாயம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அந்த நினைவூட்டலாக வீடு வீடாக நடந்தவர் என் சித்தி.

அங்கன்வாடிப் பணியாளரான அவர், போலியோ முகாம் நாள்களில் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். சொட்டு மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டில் வட்டத்துக்குள் ஒரு வெளிர்ச் சதுரம் இருக்கும்; வெப்பம் பட்டுக் கருத்து, அது வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், ஒவ்வொரு வாசலிலும் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்த பிறகே 2 சொட்டு விடுவார். பிறகு இடக்கைச் சுண்டுவிரலில் மை. எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் ‘பி’, விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’. நடவுக்குப் போன தாய் பிள்ளையோடு திரும்பும்வரை திண்ணையிலேயே காத்திருந்து அந்த ‘எக்ஸை’ அழித்த மாலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

2014 மார்ச் 27 அன்று, இந்தியாவையும் உள்ளடக்கிய உலகச் சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டதைத் தொலைபேசியில் சொன்னேன். மகிழ்ந்தார், உடனே, “வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கரைக்கிறார்கள், தம்பி, முழுப் பொட்டலத்தையும் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டும் என்று இன்னும் நான்கு வீட்டில் சொல்லவேண்டும்” என்றார்.