பருவத்துக்கு ஒரு கேக்: ஓராண்டுச் செய்முறைக் குறிப்புகள்

ஒவ்வொரு பருவத்திலும் வீட்டில் எந்த கேக்கைச் செய்வது என்று யோசிக்கும்போது, எந்தப் பழம் எப்போது நன்றாகக் கிடைக்கிறது என்பதையே பெரும்பாலும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். ஓராண்டு முழுவதும் பருவம் மாற மாற கேக் சுட்டுக் குறிப்பெழுதி வந்த பிறகு, பழத்துக்கு முன்னால் சமையலறையின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒரே செய்முறை ஒரு பருவத்தில் பஞ்சாக வந்து மறு பருவத்தில் எண்ணெய் கசியும் கட்டியாக நிற்பதற்குப் பெரும்பாலும் இவ்விரண்டுமே காரணம். ஆகவே இந்தக் குறிப்புகளில் பருவத்துக்கு ஏற்ற கலக்கும் முறையை முதலில் சொல்லி, அதற்குப் பொருந்தும் பழத்தை அடுத்துச் சொல்கிறேன்.

வெயில் காலத்தில் தொடங்குகிறேன். வெண்ணெய் கேக்கின் மென்மை, வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே சிக்கும் காற்றுக் குமிழிகளிலிருந்து வருகிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. கலவைக்குள் ஏற்கெனவே இருக்கும் குமிழிகளைப் பெரிதாக்குவதே அதன் வேலை. அந்தக் குமிழிகளைப் பிடித்து வைத்திருப்பவை வெண்ணெயில் உள்ள கொழுப்புப் படிகங்கள். வெண்ணெய் ஏறத்தாழ 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது அது வளைந்து கொடுக்கும், ஆனால் உருகாது. 30 டிகிரியைத் தாண்டிய சமையலறையில் படிகங்கள் பெரும்பாலும் கரைந்துவிடுவதால், எவ்வளவு நேரம் அடித்தாலும் பளபளப்பான பசைதான் மிஞ்சும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரின் மேல் வைத்து அடிப்பது போன்ற வழிகள் இருக்கின்றன; அவை பலனும் தரும். இருந்தாலும் பருவத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, வெண்ணெயே தேவைப்படாத கேக்கைத் தேர்ந்தெடுப்பது எளிது என்பது என் கட்சி.

அப்படி நான் தேர்ந்தெடுத்தது ஷிஃபான் கேக். லாஸ் ஏஞ்சலஸில் காப்பீட்டு முகவராக இருந்த ஹாரி பேக்கர் என்பவர் 1927இல் உருவாக்கிய இந்தக் கேக்கின் செய்முறையை அவர் இருபது ஆண்டுகள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு ஜெனரல் மில்ஸ் என்ற அமெரிக்க உணவு நிறுவனத்துக்கு விற்றார். வெண்ணெய்க்குப் பதிலாகச் சமையல் எண்ணெயைப் பயன்படுத்தியதுதான் அதன் சூட்சுமம். எண்ணெய் எந்தச் சூட்டிலும் திரவமாகவே இருப்பதால் வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. அதைவிட முக்கியமாக, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த பிறகும் கேக் இறுகுவதில்லை. வெண்ணெய் கேக்கோ குளிரில் செங்கல் போல ஆகிவிடும். கிரீமும் பழமும் வைத்த கேக்கை ஃப்ரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும் என்ற பருவத்தில் இது சிறிய வசதியன்று.

நடுவில் குழாய் உள்ள 18 சென்டிமீட்டர் டியூப் டின்னுக்கு நான் நிலைப்படுத்திக்கொண்ட அளவு இது: முட்டை 4, மைதா 85 கிராம், அதனுடன் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) 10 கிராம், எண்ணெய் 50 மில்லி, பால் அல்லது பழச்சாறு 65 மில்லி, சர்க்கரை 90 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டியை விடச் சற்றுக் குறைவு. மஞ்சள் கருவுடன் எண்ணெய், சாறு, சலித்த மாவு ஆகியவற்றை வழவழப்பாகக் கலக்க வேண்டும். சர்க்கரையில் பெரும்பகுதியை வெள்ளைக் கருவுக்கென்று ஒதுக்கி, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, அடிக்கும் கருவியான பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும் வரை அடிக்க வேண்டும். வெள்ளைக் கருவில் மூன்றில் ஒரு பங்கை முதலில் சேர்த்துக் கலவையைத் தளர்த்தி, மீதியைக் கரண்டியால் மடித்து மடித்துச் சேர்த்தால் காற்று இறங்குவதில்லை. டின்னில் எண்ணெய் தடவக் கூடாது, ஏனெனில் ஏறும் கேக் பக்கச் சுவரைப் பற்றிக்கொண்டுதான் மேலே வருகிறது. 160 டிகிரியில் 40 நிமிடம் சுட்டு, எடுத்தவுடன் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து முழுவதும் ஆறவிட வேண்டும்; நிமிர்த்தி வைத்தால் தன் பாரத்தாலேயே அமுங்கிவிடும்.

மாம்பழத்தை இந்தக் கேக்கில் இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தேன். கூழை மாவிலேயே கலந்தபோது நிறம் வந்தது, மணம் வரவில்லை; மாம்பழத்தின் வாசனைப் பொருள்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை என்பதால் ஓவனுக்குள் நின்று பிடிப்பதில்லை. கூழை அடுப்பில் பாதியாக வற்றவைத்துச் சேர்த்தால் சுவை கொஞ்சம் கூடுகிறது, ஆனால் அது பழுத்த பழத்தின் சுவையாக இல்லாமல் ஜாமின் சுவையாக இருக்கிறது. ஆகவே கேக்கை எலுமிச்சைத் தோல் துருவல் சேர்த்து வெறுமனே சுட்டுவிட்டு, பழத்தைத் துண்டுகளாக நறுக்கி விப்பிங் கிரீமுடன் நடுவிலும் மேலும் வைப்பதே சரி என்று முடிவு செய்தேன். கிரீமையும் பாத்திரத்தையும் பீட்டரின் கம்பிகளையும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து எடுத்தால்தான் வெயில் நாளில் கிரீம் கெட்டியாகிறது.

அன்னாசிக்கு இந்த வழி பொருந்தாது. வேகவைக்காத அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி புரதங்களை உடைக்கக்கூடியது; ஜெலட்டினை உறையவிடாது, பால் பொருள்களோடு சிறிது நேரம் இருந்தால் கசப்பையும் உண்டாக்கும். சூடுபடுத்தினால் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. எனவே அன்னாசியைக் கேரமலில் வதக்கி, டின்னின் அடியில் பரப்பி, மேலே கலவையை ஊற்றிச் சுட்டுக் கவிழ்க்கும் தலைகீழ் கேக்தான் அதற்கு உரிய இடம். வதக்கும்போது விடும் சாற்றை வற்றவிடுவது அவசியம். இல்லாவிட்டால் பழத்தை ஒட்டிய அடுக்கு வேகாத மாவாகவே இருக்கும்.

மழைக்காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்வதால், வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் அடித்துக் காயவைக்கும் மெரிங்கு வகைகள் காய மறுக்கின்றன, ஐசிங் வழிகிறது, கேக்கின் மேல் தோல் மறுநாளே பிசுபிசுக்கிறது. ஆகவே அலங்காரம் எதுவும் கேட்காத வாழைப்பழ கேக், கேரட் கேக், சுக்கும் பட்டையும் சேர்த்த கேக் ஆகிய மூன்றையும் இந்தப் பருவத்துக்கு ஒதுக்கினேன். வாழைப்பழத் தோலில் கரும்புள்ளிகள் விழுந்து மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய பிறகே பயன்படுத்த வேண்டும். மஞ்சளாக இருக்கும் பழம் கேக்குக்கு ஈரத்தைத் தரும், இனிப்பையும் மணத்தையும் தராது. இந்தக் கேக்குகளில் பேக்கிங் சோடாவுக்குத் துணையாகத் தயிரோ வெல்லமோ போன்ற அமிலத்தன்மையுள்ள பொருள் ஒன்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு வாடை வரும். கேரட் கேக்கில் சூரியகாந்தி விதை சேர்க்கிறவர்கள், மறுநாள் துண்டுக்குள் பச்சை நிறம் தெரிந்தால் பூஞ்சை என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம். விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து அப்படி நிறம் மாறுகிறது, கெடுதல் ஒன்றுமில்லை. உண்மையான பூஞ்சையும் இந்தப் பருவத்தில் விரைவில் வரும் என்பதால், மழைக்காலத்தில் சிறிய டின்னில் சுட்டு இரண்டு நாளில் தீர்த்துவிடுவது நல்லது.

குளிர்காலம் வந்ததும் வெண்ணெய்க்கு அதன் இடம் திரும்பக் கிடைக்கிறது. முட்டைகளை எடை பார்த்து, அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா என்று நான்கையும் சமமாக எடுக்கும் பவுண்டு கேக்கை, ஓராண்டுப் பட்டியலில் மிக எளியதும் மிகக் கடினமானதும் என்று சொல்வேன். எளிமை அளவில் இருக்கிறது, கடினம் வெப்பநிலையில் இருக்கிறது. குளிர்ந்த முட்டையை அடித்த வெண்ணெயில் ஊற்றினால் வெண்ணெய் சட்டென்று இறுகிக் கலவை திரிந்துபோகிறது. முட்டைகளை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் போட்டு வைத்து, பின்பு உடைத்து அடித்து, சிறிது சிறிதாகச் சேர்த்தால் இது நேர்வதில்லை. ஆரஞ்சுத் தோலின் துருவலைச் சர்க்கரையோடு விரல்களால் கசக்கினால் தோலிலுள்ள எண்ணெய் சர்க்கரையில் இறங்கி, எந்த எசன்ஸும் தராத மணத்தைத் தருகிறது. அடித்து முடித்த வெண்ணெய் வெளுத்து, கரண்டியிலிருந்து கனமில்லாமல் விழ வேண்டும். அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்பதைச் செய்முறைகள் அழுத்திச் சொல்வதில்லை.

ஆரஞ்சு மிகுந்திருக்கும் வாரங்களில் செய்யத் தகுந்த இன்னொன்று, முழு ஆரஞ்சுப் பழங்களைத் தோலோடு இரண்டு மணி நேரம் வேகவைத்து, விதை நீக்கி அரைத்துச் செய்யும் பாதாம் கேக். இரண்டு நடுத்தரப் பழம், 6 முட்டை, பாதாம் தூள் 250 கிராம், சர்க்கரை 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி; மைதாவும் வெண்ணெயும் கிடையாது. 180 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், மேற்புறம் சீக்கிரம் கருக்கத் தொடங்குவதால் பாதியில் அலுமினியத் தாளால் மூட வேண்டும். தோலின் லேசான கசப்பு எல்லோருக்கும் பிடிப்பதில்லை. எனக்கு இந்த ஆண்டின் சிறந்த கேக் இதுவே. சுட்ட அன்றைவிட மறுநாள் நன்றாக இருந்தது.

உலர்பழ கேக்குக்குக் குளிர்காலம் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. திராட்சை, அத்தி, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் மிட்டாய் என்று ஏறத்தாழ 800 கிராம் உலர்பழத்தை ரம்மில் ஊறவைத்தால் வாரக்கணக்கில் விடலாம். ஆரஞ்சுச் சாறு அல்லது டிகாஷனில் என்றால் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு போதும், அதற்கு மேல் சாறு புளிக்கத் தொடங்கும். ஊறாத பழத்தை நேரே சேர்த்தால் அது கேக்கிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. 20 சென்டிமீட்டர் டின்னுக்குள் பட்டர் பேப்பரை இரட்டையாக விரித்து, வெளியிலும் தடித்த தாளைச் சுற்றிக் கட்டி, 150 டிகிரிக்குச் சற்றுக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் சுட வேண்டியிருக்கிறது. குச்சி விட்டுப் பார்ப்பது இங்கே ஏமாற்றும், பழத்தில் குத்தினால் எப்போதும் ஒட்டும். நடுப்பகுதியின் வெப்பநிலையைச் சமையல் வெப்பமானியால் பார்த்து, 95 டிகிரிக்கு மேல் போனதும் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மது சேர்த்த கேக்கை இறுகச் சுற்றி வைத்து, வாரம் ஒருமுறை ஒரு மேசைக்கரண்டி ரம் ஊற்றி வந்ததில், மூன்றாவது வாரத்துக்குப் பிறகே மசாலாவின் காரம் தணிந்து பழத்தோடு ஒன்றியது. சாற்றில் ஊறவைத்த கேக்கை இப்படி நாள்கணக்கில் வெளியே வைப்பதற்கில்லை. அதை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

பட்டியலில் இன்னும் தீராமல் இருப்பது பூசணி கேக். ஒரே எடைக் கூழ் ஒருநாள் கெட்டியான கலவையையும் மற்றொரு நாள் ஓடும் கலவையையும் தருகிறது, ஏனெனில் பூசணிக்குப் பூசணி நீரின் அளவு வேறுபடுகிறது. ஆவியில் வேகவைத்ததைவிட ஓவனில் சுட்டு எடுத்த கூழ் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருந்தது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரே பதம் வரவில்லை. அடுத்ததாக, கூழைத் துணியில் கட்டி வடியவிட்டு, வடிந்த நீரையும் எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, அந்த அளவை வைத்துப் பாலைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கப் போகிறேன்.