அரிசோனாவில் இப்போது மணி என்ன?

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்கள் பக்கம் ஏழு நாள் கார் பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், முதலில் தலையைச் சுற்ற வைப்பது தூரம் இல்லை, நேரம். கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், அரிசோனா தள்ளாது, ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கிற நவஹோ பழங்குடியினரின் நிலம் தள்ளும். ஆக அரிசோனா நேரப்படி நடக்கிற பேஜ் ஊரிலிருந்து, நவஹோ நிலத்தில் இருக்கிற மான்யுமென்ட் வேலிக்குக் கிளம்பினால் வழியில் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். பேஜ் பக்கத்தில் இருக்கிற ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்குக்குள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், அதனால் முன்பதிவு செய்யும்போதே எந்த ஊர் நேரம் என்று கேட்டுவிடுங்கள். செல்போன், டவர் மாறினால் தானாக மணியை மாற்றிக்கொள்ளும். நான் பழைய கைக்கடிகாரம் ஒன்றை பேஜ் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு போகிறேன்.

யூட்டாவில் இருக்கிற பிரைஸ் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பு 8,000 அடி உயரம். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போனால் விடியலில் பல் தந்தியடிக்கும்.

அப்புறம் பெட்ரோல். யூட்டாவின் ஐ-70 நெடுஞ்சாலையில் சலைனா ஊருக்கும் கிரீன் ரிவர் ஊருக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் ஒரு பங்க் கிடையாது. பாதி டேங்க் இருக்கிறதே என்ற சமாதானமெல்லாம் அங்கே வேண்டாம், சலைனாவிலேயே நிரப்பிவிடுவதாக இருக்கிறேன்.