பிக்கப் வண்டிக்கு ஃபாக் லைட்: என் நாட்குறிப்பிலிருந்து

நவம்பர் 6, 2024, புதன்

பாச்சலூர் மலையிலிருந்து சௌசௌ மூட்டைகளோடு ஒட்டன்சத்திரம் இறங்கிக்கொண்டிருந்தேன். விடிகாலை நாலரை மணி. பரப்பலாறு அணைக்கு மேலே வழக்கம்போல மேகம் ரோட்டில் படுத்திருந்தது. ஃபாக் லைட்டை (பனிமூட்டத்துக்காக பம்பரில் மாட்டிய விளக்கு) போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, கருகும் வாடை. பிரேக் சூடாகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். இறக்கத்தில் அது சகஜம். ஆனால் இது பிரேக் லைனர் வாடை இல்லை, பிளாஸ்டிக் வாடை. ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டால் ஃபாக் லைட் சுவிட்ச் தொட முடியாத சூடு. அணைத்தேன். லைட் அணையவில்லை. சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது.

டயருக்குக் கல் வைத்தேன். பானெட்டைத் திறந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. அப்புறம் பேட்டரி பிளஸ்ஸில் சொருகியிருந்த அந்த ஒற்றைச் சிவப்பு வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மைனஸைத் திரும்ப மாட்டி, ஹெட்லைட்டை டிம்மில் வைத்துக்கொண்டு ஊர்ந்து வந்து சேர்ந்தேன். நின்ற இடம் யானை கடக்கிற இடம். அந்தக் கால் மணி நேரமும் காதில் விழுந்ததெல்லாம் மூங்கில் ஒடியும் சத்தமாகவே இருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் போட்ட வேலை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர் நேராக கேபினுக்குள் வருகிறது, சுவிட்ச்சுக்குள் போகிறது, திரும்பி வெளியே போய் பம்பரில் இரண்டு லைட்டையும் தொடுகிறது. ஃபியூஸ் இல்லை. ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் டப்பா) இல்லை. தகட்டில் ஓட்டை போட்ட இடத்தில் ரப்பர் புஷ்ஷும் இல்லை. அந்த விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் பாதி போயிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் செம்பு தகட்டைத் தொட்டிருக்கும். ஃபியூஸ் இல்லாத பேட்டரி வயர் பாடியைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபடி அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கு இல்லை. லைட் ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டும் சேர்ந்து 110. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு கரண்டும் கட்டைவிரல் நகம் அளவுள்ள சுவிட்ச்சுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும் என்றால் அது உருகாமல் என்ன செய்யும்? வயரும் ஒல்லி, ஒரு சதுர மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். அப்படிப்பட்ட வயர் ஐந்து மீட்டர் ஓடினால் வழியிலேயே 0.8 வோல்ட் தொலைந்துபோகும். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் ஹாலோஜன் பல்புக்கு வோல்ட் ஆறு சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். "பல்ப் கம்பெனி சரியில்ல" என்று இரண்டு வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

முடிவு செய்தாயிற்று. இந்தத் தடவை வீட்டிலேயே.

நவம்பர் 13, புதன்

சாமான் வாங்கினேன். கடைக்காரர் எல்லாம் கோத்து வைத்த ரெடிமேட் வயரிங் செட் ஒன்றை நீட்டினார். "இத மாட்டுனா அரை மணி நேர வேலைண்ணே." ஓரத்தில் கொஞ்சம் உரித்துக் காட்டச் சொன்னேன். வெளியே சுண்டுவிரல் தடிமன், உள்ளே நாலு நூல். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

2.5 சதுர மி.மீ. ஆட்டோ வயர் ஆறு மீட்டர், சுவிட்ச்சுக்கு ஒல்லி வயர், ரிலே, மூடி போட்ட ஃபியூஸ் ஹோல்டர், நீல ஃபியூஸ் அஞ்சு, லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது), புஷ், வரிவரியான கறுப்பு ஸ்லீவ். நீலம் என்றால் 15 ஆம்பியர். பச்சை 30. "பச்சையே போடுங்க, அடிக்கடி போகாது" என்றார். ஃபியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. வயர் தாங்குகிற அளவுக்கு முன்னாடியே ஃபியூஸ் போய்விட வேண்டும். போகாத ஃபியூஸ் வேண்டுமென்றால் ஆணியைச் சொருகிவிடலாமே.

வீட்டு வயரிங் மிச்சத்தில் ஒரு சுருள் கிடக்கிறது, அதை உபயோகித்தால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். அது ஒற்றைக் கம்பி. நம் மலை ரோட்டு ஆட்டத்துக்கு ஒரே சீசனில் ஒடிந்துவிடும்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று கார்த்திகை ஒன்று. பழனி ரோட்டில் இப்போதே மாலை போட்டவர்களின் வேன்கள். இன்று லோடு இல்லை.

அக்கா மகன் வந்திருந்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் இரண்டாம் வருடம். "மாமா, ரிலேன்னா என்னன்னு புக்குல படிச்சிருக்கேன், கையில தொட்டதில்ல" என்றான். இருவரும் வாசல் திண்ணையில் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். உள்ளே ஒரு சின்னச் சுருள். அதற்கு 0.2 ஆம்பியர்கூட வேண்டாம். சுருள் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். கனமான கரண்ட் அந்தத் தகடு வழியாகப் போகும். சுவிட்ச் இனிமேல் சுருளுக்கு மட்டும் உத்தரவு போட்டால் போதும். எடுபிடிக்குச் சொல்லி மூட்டை தூக்கவைப்பது மாதிரி.

அடியில் எண்கள் உண்டு. 30 பேட்டரிக்கு, 87 லைட்டுக்கு, 85-ம் 86-ம் சுருளுக்கு. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்தேன். தள்ளி வைத்தால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கிற வயருக்குப் பாதுகாப்பே இல்லை. சுருளுக்கான உத்தரவைப் பார்க் லைட் வயரிலிருந்து எடுத்தேன். பார்க் லைட் அணைந்தால் ஃபாக் லைட்டும் தானே அணையும். மறந்துபோய் பேட்டரியைக் காலி பண்ண வழியில்லை. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினோம், தண்ணீர் தங்காமல் இருக்க.

மாப்ள லக்கை சால்டர் பண்ணலாம் என்றான். வேண்டாம் என்றேன். ஈயம் வயருக்குள் ஏறிக் கெட்டியாகி, கெட்டியும் மெதுவும் சேர்கிற இடத்தில் அதிர்வுக்கு ஒடியும். நன்றாகக் கிரிம்ப் பண்ணி, அதாவது லக்கை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைத்து, இழுத்துப் பார்த்தால் போதும். கிரிம்பிங் பிளையரை அமுக்கி அமுக்கி அவன் உள்ளங்கை சிவந்துவிட்டது.

மூணு மணிக்கு பேட்டரி மைனஸை மாட்டினேன். மாட்டியவுடனே இரண்டு லைட்டும் பளீர். சாவியே போடவில்லை! சுவிட்ச்சைப் போட்டால் அணைகிறது, அணைத்தால் எரிகிறது. மாப்ள விழுந்து விழுந்து சிரித்தான். நான் வாங்கி வந்தது ஐந்து கால் ரிலே. நடுவில் இருக்கும் 87ஏ என்கிற கால், சுருள் சும்மா இருக்கும்போது தொட்டுக்கொண்டிருப்பது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் அதில் சொருகியிருக்கிறேன். மாற்றிச் சொருகினேன், சரியாயிற்று.

இருட்டிய பிறகு சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பு லைட்டின் உயரத்தைவிட 4 அங்குலம் கீழே விழும்படி சாய்த்து வைத்தோம். எதிரில் வருகிறவன் கண்ணில் அடித்தால் அது ஃபாக் லைட் இல்லை, பாவம்.

நவம்பர் 19, செவ்வாய்

பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. வடகாடு தாண்டி ஏறும்போது கவனித்தேன்: ஃபாக் லைட் போட்டால் டேஷ்போர்டில் வலது இண்டிகேட்டர் அம்புக்குறி லேசாக மினுங்குகிறது. நான் கையே வைக்கவில்லை. இடது லைட் பளிச், வலது மங்கல். வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால், ஒவ்வொரு துடிப்புக்கும் வலது ஃபாக் லைட் ஒடுங்கி ஒடுங்கி நிமிர்கிறது. லோடு ஏற்றுகிற அண்ணன் பார்த்துவிட்டு, "கண்ணடிக்குதப்பா உன் வண்டி" என்றார்.

பிளஸ் பக்கம் எல்லாம் புதுசு. ரிலே புதுசு. எனக்குத் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

கண்டுபிடித்தாயிற்று. எர்த்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ரப்பர் டயர் மேல நிக்கிற வண்டிக்கு எர்த்து எங்கடா போகுது? கெணத்து மோட்டாருக்குக் குழி வெட்டி கரியும் உப்பும் போட்டுத் தண்ணி ஊத்துனோம், அது எர்த்து." கேள்வி நியாயமானது. பேர்தான் எர்த், மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பேட்டரி மைனஸை வண்டியின் இரும்பு உடம்போடு கட்டியிருக்கிறது. உடம்பு முழுவதும் திரும்பி வருகிற வயர். லைட்டின் கறுப்பு வயரை எங்கே முறுக்கினாலும் பேட்டரிக்கு வீடு திரும்பிவிடும். அந்த இடத்தில் பெயிண்ட்டும் துருவும் இல்லாமல் இருந்தால்.

நான் சோம்பேறித்தனமாக வலது லைட்டின் கறுப்பு வயரை, ஏற்கெனவே இண்டிகேட்டரின் எர்த் இருந்த பழைய போல்ட்டில் சேர்த்து முறுக்கியிருந்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில், இன்னொன்றை அந்த லக்கில் வைத்து, லைட்டைப் போடச் சொன்னேன். 2.1 வோல்ட். அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். போல்ட்டைக் கழற்றினால் அடியில் மாதுளை விதை நிறத்தில் துரு, வாஷரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இண்டிகேட்டர் பல்ப் சின்னது, அதன் கரண்டுக்கு இந்த ஒட்டுதல் இத்தனை வருடம் போதுமானதாக இருந்திருக்கிறது. நாலரை ஆம்பியர் வந்து நின்றதும் வழி போதவில்லை. கதவு அடைத்திருந்தால் கூட்டம் ஜன்னல் வழியாகப் போகும் இல்லையா, அதே மாதிரி மிச்சக் கரண்ட் இண்டிகேட்டர் பல்ப்புக்குள் பின்பக்கமாக ஏறி, அதன் வயர் வழியே பின்னால் இருக்கும் இண்டிகேட்டர் பல்ப்புக்குப் போய், அங்கிருந்து பாடியில் இறங்கியிருக்கிறது. அதுதான் மினுங்கல். இண்டிகேட்டர் துடிக்கும்போது அந்த ஜன்னலும் அடைபடுகிறது, அதுதான் ஒடுங்கல்.

வேலை ஒரு மணி நேரம். உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி மாதிரி இரும்பு தெரியும்வரை சுரண்டி, புது போல்ட், பல்லு வைத்த வாஷர் போட்டு, லக்கை நேராக இரும்பில் உட்காரவைத்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். ஃபாக் லைட்டுக்குத் தனி போல்ட். இண்டிகேட்டருக்கும் பழையதைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். மீட்டர் இப்போது 0.06.

"அப்ப கோளாறு வர்ற வழியில இல்ல, போற வழியில" என்றார் அப்பா. எனக்கு ஒரு வாரம் ஆனது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. இங்கே தூறல்தான், ஆனால் லோடு இல்லை. சும்மா இருப்பானேன் என்று பின்பக்கம் ஒரு 18 வாட் எல்இடி போட்டேன். ஒன்றரை ஆம்பியர்தான், ரிலே வேண்டாம். தனியாக 5 ஆம்பியர் ஃபியூஸ் மட்டும்.

பின்னால் பார்த்தபடி மாட்டவில்லை. 1989 மோட்டார் வாகன விதிப்படி ஓடுகிற வண்டியின் பின்பக்கம் ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட் தவிர வெள்ளை வெளிச்சம் தெரியக்கூடாது. வண்டிக்கு எட்டு வருடம் தாண்டிவிட்டதால் எஃப்சி (தகுதிச் சான்று) வருடா வருடம். அங்கே போய் நின்றுகொண்டு விளக்கம் சொல்ல முடியாது. கேபினுக்குப் பின்னால் கம்பித் தடுப்பில், லோடு ஏற்றும் தொட்டிக்குள் குனிந்து பார்க்கிற மாதிரி வைத்தேன். மூட்டை எண்ண அது போதும்.

ஒரே ஒரு சங்கடம். அதைப் போட்டவுடன் கொடைக்கானல் பண்பலை 100.5 செத்துவிடுகிறது. ஸ்ஸ் என்று எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். எல்இடிக்குள் கரண்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிற சின்ன சர்க்யூட்டின் வேலை. லோடு ஏற்றும்போது பாட்டு இல்லையென்றால் அண்ணன் கை ஓடாது. மாப்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் கேபிளில் இருக்கும் குண்டான கறுப்பு உருளையை உடைத்து உள்ளேயிருந்த ஃபெரைட் வளையத்தை எடுத்து, எல்இடி வயரை அதில் மூன்று சுற்றுச் சுற்றினான். கடுகு பாதியாகக் குறைந்தது. பாட்டு கேட்கிறது, செய்தி புரியவில்லை. போகட்டும்.

டிசம்பர் 14, சனி

நேற்று தீபம். மழையில் அகல் ஒன்றும் நிற்கவில்லை, மூன்று தடவை ஏற்றினார்கள்.

இன்று விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பாச்சலூர் முனையிலேயே மேகம். ஹை பீம் போட்டால் கண்ணுக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அணைத்துவிட்டு டிம்மும் ஃபாக் லைட்டும் மட்டும் வைத்தேன். வெளிச்சம் மேகத்துக்கு அடியில் நுழைந்து, ரோட்டின் ஓரத்தை, காப்புச் சுவரின் அடிக்கல்லை, ஈரச் சருகைத் தொட்டுக்கொண்டு போனது. தூரம் தெரியாது. ஓரம் தெரிந்தால் போதும் இந்த ரோட்டில்.

வழியில் டீக்கு நின்றபோது இன்னொரு பிக்கப்காரர் வந்து குனிந்து பார்த்தார். "மஞ்சள் போடலியா? மஞ்சள்தான் பனியக் கிழிக்கும்." எல்லாரும் சொல்கிறார்கள். பனித்துளிக்கு மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுதான், துளி அவ்வளவு பெரிசு. கண்ணுக்கு இதமாக இருக்கலாம். கிழிப்பது நிறம் இல்லை, தாழ்வாக மாட்டியிருப்பதும் மேலே சிந்தாமல் இருப்பதும்தான். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் வண்டியில் ஃபியூஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், நீல ஃபியூஸ் இரண்டு மிச்சம் இருக்கிறது.

வந்து இறக்கிய பிறகு கையை வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் குளிர்ந்து கிடக்கிறது. இடது லைட்டின் வயர் சேரும் கப்ளருக்குள் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர். அங்கே வாசலின் வைக்க மறந்திருக்கிறேன்.