ஸ்லாஷ் இதழுக்கு வந்த வாசகர் கடிதங்களைத் தொகுத்த விதம்

தொலைக்காட்சித் தொடர் ரசிகர்களே தட்டச்சு செய்து, அச்சடித்து, தபாலில் விற்ற இதழ்களில் எழுதியவருக்குச் சன்மானம் கிடையாது. ஓர் இலவசப் பிரதி கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் நாலு வாசகர் கடிதம் கிடைக்கும். அமெரிக்க ரசிகர்கள் இதை எல்.ஓ.சி. என்பார்கள். செய்தித்தாளில் வரும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு இல்லை, ‘லெட்டர் ஆஃப் கமெண்ட்’. தொடரின் இரண்டு ஆண் பாத்திரங்களுக்குள் காதல் என்று எழுதும் கதைதான் ஸ்லாஷ். ஸ்டார் ட்ரெக் தொடரின் கர்க், ஸ்பாக் பெயர்களுக்கு நடுவே போட்ட சாய்கோட்டிலிருந்து வந்த பெயர். ஒரே தொடருக்கான இதழில் கடிதப் பகுதி தானாக நிரம்பும். ஸ்டார்ஸ்கி–ஹட்ச், பிளேக்ஸ் 7, தி புரொபஷனல்ஸ் மூன்றும் ஒரே அட்டைக்குள் வரும் இதழில் அது நடக்காது. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் அந்தப் பகுதியை ஒப்பேற்றிய வழி இது.

வேலை, கடிதம் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். இதழின் கடைசிப் பக்கத்தில் முகவரியோடு இரண்டு கேள்வி போட வேண்டும்: கடிதத்தை அச்சிடலாமா? எழுதியவருக்கு அப்படியே அனுப்பலாமா? இரண்டும் ஒன்று என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். எழுதியவரிடம் மனம்விட்டுப் பேச விரும்பும் பலர், அச்சில் பெயர் வருவதை விரும்பமாட்டார்கள். பள்ளியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்கள் நிறைய. பதில் இல்லாத கடிதத்தை ‘அச்சிடக் கூடாது’ கட்டோடுதான் சேர்க்க வேண்டும்.

தபால் கணக்கும் உண்டு. சாதாரணத் தட்டச்சுத் தாள் ஒன்று 4.5 கிராம். நான்கு தாள், வெளியே ஓர் உறை, உள்ளே பதிலுக்காகத் தபால்தலை ஒட்டிய உறை. ஒரு தபால்தலைக்குப் போகும் ஒரு அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) அதோடு முடிந்தது. ஐந்தாவது தாளைச் செருகினால் கூடுதல் தபால்தலை. இங்கிலாந்திலிருந்து எழுதுபவரின் பதில் உறைக்கு அமெரிக்கத் தபால்தலை வேண்டும், அது அவருக்குக் கிடைக்காது. வேறு நாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சர்வதேசப் பதில் கூப்பனை வைக்கச் சொல்ல வேண்டும். புரொபஷனல்ஸ் பிரிட்டிஷ் தொடர், அதைத் துருவித் துருவிப் படிப்பவர்கள் பாதிப்பேர் அந்தப் பக்கம். இந்த ஒரு வரியை விட்டால் உருப்படியான கடிதங்கள் வராமல் போகும்.

வந்ததும் முதல் வேலை நகல் எடுப்பது. மூலத்தில் கத்தரிக்கோல் படக் கூடாது. நகலைக் கதைவாரியாக வெட்டி, எழுதியவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும், அதுவும் அச்சுக்கு முன்னால். தன் கதையைப் பற்றிய கடும் விமர்சனத்தை இதழைப் பிரித்துத்தான் ஒருவர் முதலில் பார்க்க வேண்டி வந்தால், அடுத்த இதழுக்கு அவரிடமிருந்து கதை வராது.

அச்சில் கதைவாரியாகப் போடுவதா, கடிதம் கடிதமாகப் போடுவதா? கதைவாரி பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஸ்டார்ஸ்கி கதைக்கு ஒன்றரைப் பக்கமும் பிளேக்ஸ் 7 கதைக்கு ஒரு வரியும் விழுந்து, யாருக்கு எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்துவிடும். கடிதத்தை முழுதாகப் போட்டு, கதைத் தலைப்பை மட்டும் தடித்த எழுத்தில் காட்டுவதே மேல். தலைப்பை ஒட்டி எந்தத் தொடர், எந்த ஜோடி என்பதையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலான இதழ்கள் மே கடைசி வாரத்தில் மிச்சிகனில் கூடிய மீடியாவெஸ்ட் ரசிகர் மாநாட்டைக் குறிவைத்து வந்தன. கடிதம் அச்சேற அடுத்த மே ஆகிவிடும். அதற்குள் கதை யாருக்கு நினைவிருக்கும்? பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, 10 புள்ளி எழுத்தில் அடித்தால் பக்கத்துக்கு 800 சொல் பிடிக்கும். நான்கு பக்கம் போதும்.

இனி கடிதங்களின் உள்ளடக்கம். புரொபஷனல்ஸை எடுத்துக்கொள்வோம், அதன் நாயகர்கள் போடியும் டாயிலும். தொடரின் தீவிர ரசிகர் எழுதுவது எப்போதும் ஒன்றுதான்: ‘போடி இப்படிப் பேசமாட்டான்’, ‘லண்டன்காரன் நடைபாதைக்கு அமெரிக்கச் சொல் போடுவானா?’ பயனுள்ளதுதான், ஆனால் எதிர்பார்த்தது. தொடரையே பார்க்காமல், வாங்கிய காசுக்காகப் படித்தவரின் கடிதம் வேறு ரகம். மாதிரிக்கு: ‘மூன்றாம் பக்கம் வரை யார் யாரைத் தொடுகிறார்கள் என்றே தெரியவில்லை. சுருட்டை முடிக்காரர்தான் டாயிலா?’ ஸ்லாஷின் பழைய தொழில் சிக்கல் இது: இரண்டு பேருமே ‘அவன்’. தமிழில் எழுதினாலும் வினைமுற்று காப்பாற்றாது, இரண்டு பேருமே ‘வந்தான்’. எழுதுபவர்கள் தப்பிக்கப் ‘பொன்னிற முடிக்காரன்’, ‘உயரமானவன்’ என்று அடைமொழியை அள்ளி வீசுவார்கள். ஹட்சைத் திரையில் பார்த்தவருக்கு அது எரிச்சல், பார்க்காதவருக்கு அதுவே துணை. இரண்டு கடிதத்தையும் அடுத்தடுத்து அச்சிட்டால் தொகுப்பாளர் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.

பிளேக்ஸ் 7 இன்னும் மோசம். 1981 டிசம்பரில் வந்த கடைசிப் பகுதியில் ஏவன் தன் பழைய கூட்டாளி பிளேக்கைச் சுட்டுவிடுகிறான். அதற்குப் பின் நடப்பதாக எழுதிய கதைகளே ஏராளம். அது தெரியாத வாசகர், ‘இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வந்தது, பிறகு எதற்குக் கட்டில்?’ என்று எழுதுவார். நியாயமான கேள்வி. மருந்து கடிதப் பகுதியில் இல்லை, கதையின் தலையில் போடும் மூன்று வரி முன்குறிப்பில் இருக்கிறது. யார் இவர்கள், எந்தக் கட்டத்துக்குப் பிறகு, தொடரில் கடைசியாக என்ன ஆயிற்று. இப்படிக் குறிப்பு போட்ட பிறகு தொடரைப் பார்க்காதவர்களின் கடிதங்களும் கதையைப் பற்றிப் பேசத் தொடங்கும்.

‘இதுவரை எந்த ஆணையும் ஏறெடுத்துப் பார்க்காதவன், இவனை மட்டும் காதலிக்கிறான்’ என்ற கதைகளுக்கு எதிர்ப்புக் கடிதம் நிச்சயம் வரும். தன்பாலின ஈர்ப்பு என்ற சொல்லையே கதை தவிர்க்கிறது என்பது குற்றச்சாட்டு. இதை நீக்கக் கூடாது. நீக்க வேண்டியவை வேறு: புனைபெயரில் எழுதியவரின் உண்மைப் பெயர் (நட்பில் வாய்தவறி எழுதிவிடுவார்கள்), நடிகர்களின் சொந்த வாழ்க்கை, கதையை விட்டு எழுதியவர்மேல் பாயும் வரி, முந்தைய இதழை இன்னும் வாங்காதவருக்கு முடிவை உடைக்கும் வரி. நீக்கிய இடத்தில் மூன்று புள்ளி. சொல்லை மாற்றி ஒட்டுப்போட்டால் கடிதம் எழுதியவர் கண்டுபிடித்துவிடுவார், அடுத்த கடிதம் தொகுப்பாளரைப் பற்றியதாக இருக்கும். முன்னெச்சரிக்கை இல்லாமல் நாயகன் சாகும் கதைக்கு வரும் கோபத்தில் பாதி தொகுப்பாளருக்கு உரியது. அதை அப்படியே அச்சிட்டு, எச்சரிக்கை போடாதது யார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு கடிதம்கூட வராத கதைக்கு என்ன செய்வது? மௌனம் என்றால் பிடிக்கவில்லை என்று எழுதியவர் முடிவுகட்டிவிடுவார். பெரும்பாலும் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் வாங்கவில்லை என்பதுதான் காரணம். கடிதம் எழுதினால் அடுத்த இதழில் தள்ளுபடி என்றால் ‘எல்லாம் அருமை’ என்று ஒரு வரி வரும், பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. தொடர் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் முன்கூட்டியே பிடித்து, அந்த ஒரு கதைக்கு மட்டும் ஒரு பக்கம் கேட்பதுதான் பலித்தது.

கடைசியாக மூலக் கடிதங்கள். அயோவா பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் இப்போது ரசிகர் இதழ்களைச் சேகரிக்கின்றன. இதழை மட்டும் கொடுக்கலாம். வீட்டு முகவரியும், ஸ்லாஷ் வாங்குவதற்காகப் பதினெட்டு வயது நிரம்பியதாகக் கையெழுத்திட்ட சீட்டும் உள்ள கடித உறைகள் அந்தப் பெட்டியில் போகக் கூடாது. பக்கங்களுக்கு நடுவே செருகி மறந்த சீட்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு பிரதியையும் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டே பெட்டியை ஒட்ட வேண்டும்.