டொமைன் ஒரு கணக்கில், ஹோஸ்டிங் வேறு கணக்கில்

சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் செய்துகொடுத்துப் பராமரிப்பது என் தொழில். பெரும்பாலும் திருப்பூர் பக்கத்துப் பின்னலாடைக் கம்பெனிகள், அவற்றோடு சில பள்ளிகளும் கடைகளும். புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது: "டொமைன், ஹோஸ்டிங் ரெண்டையும் ஒரே இடத்துல வாங்கினா முதல் வருஷம் டொமைன் ஃப்ரீங்கறாங்களே, வாங்கிடலாங்களா?" வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அந்த இலவசத்தில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக நான் பேசுவதில்லை. இடைஞ்சல் வரும் நாளில் சாவி யார் கையில் இருக்கும் என்பதுதான் என் கவலை.

இரண்டையும் சேர்த்தே விற்பதால் ஒரே சரக்கு என்று தோன்றிவிடுகிறது. டொமைன் என்பது தளத்தின் முகவரிக்கான பெயர்ப் பதிவு. டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது, டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸி என்ற இந்திய அமைப்பிடம். நாம் பணம் கட்டும் ரெஜிஸ்ட்ரார் இடையில் இருக்கும் முகவர். ஹோஸ்டிங் என்பது நம் கோப்புகளும் டேட்டாபேஸும் இருக்கும் சர்வரில் வாடகை இடம். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது நேம்சர்வர் என்று இரண்டு வரி, இந்தப் பெயருக்கான விவரத்தை எங்கே கேட்க வேண்டும் என்று சொல்பவை அவை. அந்த இரண்டு வரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை கையில் இருந்தால் எந்த ஹோஸ்டிங் கம்பெனியும் நம்மைக் கட்டிப்போட முடியாது.

ஒரு பின்னலாடைக் கம்பெனியின் தளம் பராமரிப்புக்கு என்னிடம் வந்தபோது டொமைன், ஹோஸ்டிங், மெயில் மூன்றும் ஒரே கணக்கில் இருந்தன. பிரித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தளத்தில் சேர்த்திருந்த ஒரு பழைய பிளக்இன் (கூடுதல் மென்பொருள்) வழியாக யாரோ உள்ளே புகுந்து ஸ்பேம் மெயில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஹோஸ்டிங் கம்பெனி கணக்கை முடக்கியது. ஸ்பேமை நிறுத்தியதில் தவறே இல்லை. ஆனால் கணக்குக்குள் நுழைய முடியாததால் டொமைன் பக்கமும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. என்னிடம் சுத்தமான பேக்கப் இருந்தது. அன்று மதியமே வேறு சர்வரில் தளத்தை ஏற்றியும் விட்டேன். ஆனால் பெயரை அந்தப் பக்கம் திருப்ப வழியில்லை.

ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தளம் இரண்டு நாள் திறக்காவிட்டால் பெரிய சேதமில்லை. மெயில் நின்றால் பையரின் ஆர்டர் ஷீட், சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி எல்லாம் நின்றுபோகும். முதலாளி போனை வைக்கவே இல்லை. "தம்பி, மெயில் திரும்பி வருதுன்னு பையர் வாட்ஸ்அப்ல சொல்றாருங்க. வேற வழியே இல்லீங்களா?" கணக்கை மீட்பதற்கான உறுதிப்படுத்தல் மெயில் எங்கே போனது தெரியுமா? அதே டொமைனில் இருந்த கம்பெனி முகவரிக்கு. முடங்கிக் கிடந்ததே அந்த முகவரிதான். பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாம் அனுப்பி, உரிமையாளர் இவர்தான் என்று நிரூபித்த பிறகே திறந்தார்கள். டொமைன் மட்டும் தனிக் கணக்கில் இருந்திருந்தால் நேம்சர்வரை மாற்றி அன்று மாலையே மெயிலை மீட்டிருக்கலாம்.

இது சின்னக் கம்பெனிகளோடு நிற்கும் பிரச்சினை இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து ஒரு கட்டடமே எரிந்துபோனது. பேக்கப்பை வேறு இடத்தில் வைத்திருந்தவர்கள் தளத்தை இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோக முடிந்தது. பேக்கப் இல்லாதவர்களின் தரவு போனது போனதுதான். பெயர்ப் பதிவு அப்படியல்ல. 2007-இல் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அமெரிக்க ரெஜிஸ்ட்ரார் நிலைகுலைந்து, ரெஜிஸ்ட்ரார்களுக்கு அங்கீகாரம் தரும் ஐகேன் அமைப்பு அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது, அதன் வசமிருந்த லட்சக்கணக்கான பெயர்கள் மொத்தமாக கோடாடி என்ற இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றப்பட்டன. அதிலும் அலைக்கழிந்தவர்கள் ஏராளம். இருந்தாலும் ரெஜிஸ்ட்ரார் கவிழ்ந்தால் பெயரைக் காப்பாற்ற மேலே ஒரு பதிவேடும் ஒரு நடுவரும் உண்டு. சர்வரில் போன தரவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. இவ்வளவு வேறுபட்ட இரண்டு பொருள்களை ஒரே பாஸ்வேர்டின் பின்னால் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரிப்பது பெரிய வேலை என்று பலர் தயங்குகிறார்கள். டொமைனை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு ஹோஸ்டிங்கை மட்டும் வேறிடம் கொண்டுபோனாலே பிரிந்துவிடும், டிரான்ஸ்ஃபரே தேவையில்லை. டொமைனைத்தான் நகர்த்த வேண்டும் என்றால் பெயர் நகராமல் பூட்டியிருக்கும் லாக்கை எடுத்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோட் வாங்கி, புது ரெஜிஸ்ட்ராரிடம் கொடுக்க வேண்டும். டாட் காமுக்கு ஒரு வருடக் கட்டணம் கட்டுவோம், அந்த வருடம் காலாவதித் தேதியோடு கூடிவிடும், பணம் வீணாகாது. பெயர் கைமாற ஐந்து நாள் வரை ஆகலாம். பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகாத பெயர் பொதுவாக நகராது. ஆகவே காலாவதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இந்த வேலையைத் தொடவே கூடாது. அதைவிட முக்கியம், தொடங்கும் முன் பழைய இடத்தில் உள்ள டிஎன்எஸ் பதிவுகள் (தளமும் மெயிலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வரிகள்) அத்தனையையும், குறிப்பாக மெயிலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் வரிகளை, எழுத்துப் பிசகாமல் நகலெடுத்துக்கொள்வது. இதை விட்டுவிட்டால், தளம் தெரிகிறது என்று நிம்மதியாக இருப்போம், மெயில் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

ஹோஸ்டிங் கம்பெனியைவிட எங்கள் ஊர்ப் பக்கம் அதிகம் பார்க்கும் சிக்கல் வேறு. தளம் செய்துகொடுத்தவரே தன் மெயில் ஐடியில் டொமைனைப் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணமெல்லாம் இருக்காது, வேலை சுலபம் என்று செய்வதுதான். பிறகு அவர் வெளிநாடு போயிருப்பார், நம்பர் மாறியிருக்கும், புதுப்பிக்கச் சொல்லும் மெயில் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். இப்படி ஆகிவிட்டால் பெயரும் இடமும் தனித்தனியாக இருந்து பயனில்லை, சாவி இன்னொருவரிடம் இருக்கிறது. நான் உட்பட எந்த வெப் டிசைனர் பெயரிலும் டொமைன் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எல்லோரும் பிரித்தே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒற்றைப் பக்கத் தளமும் ஜிமெயிலும் வைத்திருக்கும் தையல் கடை அக்காவுக்கு இரண்டு பில், இரண்டு தேதி என்பது கூடுதல் சுமை. ஒன்றை மறந்துவிட்டால் பெயரே போய்விடும். டாட் காமில் காலாவதிக்குப் பிறகு தரும் சலுகைக் காலமும் முடிந்தால் 30 நாள் மீட்புக் கட்டம், அதில் அபராதம் கனமாக இருக்கும். அதற்குப் பிறகு ஐந்து நாள் காத்திருப்பு, அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரே இடத்தில், ஆட்டோ ரினியூவல் போட்டு, அவருடைய சொந்த ஜிமெயிலில் வாங்கிக்கொடுப்பதே பொருத்தம். கம்பெனி மெயில் டொமைனில் ஓடுகிறது என்றால் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு வேலையைத் தொடங்குவதே முதலாளியின் மேஜையில்தான். அவர் போனில், அவர் சிம்முக்கு ஓடிபி வரும்படி, கம்பெனி டொமைனில் இல்லாத ஒரு மெயிலில் ரெஜிஸ்ட்ரார் கணக்கைத் திறக்கிறோம். போன் தொலைந்தாலும் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கும் ஃபைலிலேயே வைத்துவிடச் சொல்கிறேன். ஹோஸ்டிங் எந்தக் கம்பெனியில் என்பதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.