34 காய்களும் ஒரு குப்பி செம்பும்

ஜனவரி 4

பெயிண்ட் அடிக்காத மரச் சதுரங்கக் காய்கள் அலமாரியில் கிடந்து மாதக்கணக்காகிறது. இன்றுதான் பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினேன். 32 காய்கள், அப்புறம் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் மாற்றி வைக்க ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உபரி ராணிகள். ஆக 34. உபரி ராணிகள் இரண்டையும் சோதனைக்கு ஒதுக்கிவிட்டேன். பாவம்தான், வேறு வழியில்லை.

திட்டம் ரொம்ப எளிது: ஒரு பக்கம் தங்க நிறம், எதிர்ப்பக்கம் வெள்ளி நிறம். ஒரு மெட்டாலிக் பெயிண்ட் போதும் என்று ஆரம்பித்து, இப்போது மேசையில் நாலு வகை நிற்கிறது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் குப்பிகள், தின்னர் வாடை அடிக்கும் தங்கப் பெயிண்ட் டின் ஒன்று, ‘குரோம்’ என்று எழுதிய வெள்ளி ஸ்ப்ரே, விரலால் தேய்க்கிற தங்க மெழுகு ஒரு டப்பா. தங்கத் தாள் ஒட்டும் யோசனையும் வந்தது. குதிரையின் காதுக்கும் பிடரிக்கும் நடுவில் அந்தத் தாளை ஒட்டப் பொறுமை கிடையாது, விட்டுவிட்டேன்.

ஜனவரி 5

குப்பிகளின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தை ஒரு மணி நேரம் படித்தேன். படித்தது வீண் போகவில்லை.

டின்னில் இருப்பது நிஜ உலோகத் தூள்: செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையைச் செதில் செதிலாக அரைத்தது. துத்தநாகம் கூடினால் மஞ்சள் தங்கம், செம்பு கூடினால் சிவந்த தங்கம். அக்ரிலிக் குப்பியில் உலோகம் என்று ஒன்றுமே இல்லை. அது மைக்கா, அதாவது நம் காக்காப்பொன். மைக்காச் செதிலின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் போர்த்தியிருக்கிறார்கள். படலத்தின் கனம் மாறினால் தெரியும் நிறமும் மாறுகிறது. செம்பு நிறக் குப்பியில் போர்த்தியிருப்பது இரும்பு ஆக்சைடு. துருவின் உறவுக்காரன்தான் அது. காக்காப்பொன்னுக்குத் துருவைப் பூசினால் செம்பு!

முதலில் ஏமாற்றமாக இருந்தது. பித்தளைத் தூளாவது ஏதோ ஒரு உலோகம். ஒரு துளி டின் பெயிண்டையும் ஒரு துளி அக்ரிலிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் தடவிப் பார்த்தேன். டின்னில் இருந்தது உருக்கி ஊற்றியது போலத் தகதகவென்று இருந்தது. அக்ரிலிக் கிளிஞ்சலின் உட்புறம் மாதிரி மினுமினுத்தது, அவ்வளவுதான். இன்றைய தேதிக்கு என் ஓட்டு டின்னுக்கு.

ஜனவரி 7

இன்று முழுக்க உப்புத்தாள்.

மற்ற பெயிண்டுக்கு 180-ஆம் எண் தாளில் தேய்த்தாலே போதும் என்று விட்டுவிடலாம். மெட்டாலிக்குக்கு அது நடக்காது. ஒரு சிப்பாயைச் சும்மா 180-இல் தேய்த்துத் தங்க நிறம் அடித்துப் பார்த்தேன். வெறும் மரத்தில் கண்ணுக்கே படாத கீறல்கள் எல்லாம் சிப்பாயின் தலையில் வெள்ளைக் கோடாக எழுந்து நின்றன. செதில்கள் குட்டிக் கண்ணாடிகள் அல்லவா? மேற்பரப்பு எப்படிச் சாய்கிறதோ அப்படியே அவையும் சாய்ந்து படுக்கின்றன. கீறலுக்குள் விழுந்த செதில் வேறு திசையில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது.

ஆகவே முறைப்படி: 180, அப்புறம் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஈரம் பட்டதும் அமுங்கியிருந்த மர நார்கள் எழுந்துகொள்கின்றன, தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. நன்றாகக் காயவிட்டு 320-இல் தேய்த்தால் அந்த நார் போய்விடும். இதைச் செய்யாமல் நேரே தண்ணீர்ப் பெயிண்டை அடித்தால் நார் பெயிண்டுக்கு உள்ளேயே எழுந்து நிற்கும்.

காயின் தலையும் அடியும் மரத்தை இழைக்குக் குறுக்கே வெட்டிய இடங்கள். அங்கே மரம் திறந்த குழாய்க் கட்டு, எவ்வளவு அடித்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும். நீர்க்க வைத்த அரக்குப் பாலிஷை அந்த இடங்களில் மட்டும் இரண்டு தரம் தடவினேன். மந்திரி ஒருவரின் வயிற்றில் சின்னக் கணு இருந்தது. அதிலிருந்து மஞ்சள் கறை மேலே ஊறாமல் இருக்கவும் இதே பாலிஷ்தான்.

34 காய். கழுத்து வலிக்கிறது.

ஜனவரி 10

அடிப்பூச்சு எந்த நிறத்தில் என்று பார்க்க மரச் சிம்புகளில் வெள்ளை, கறுப்பு, சாம்பல், காவி என்று நாலு பட்டை அடித்து, எல்லாவற்றின் மேலும் குறுக்காக அக்ரிலிக் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றையும் இழுத்தேன்.

வெள்ளையின் மேல் தங்கம் மஞ்சள் பால் மாதிரி சோகையாக இருந்தது. அதே குப்பி, அதே பிரஷ், கறுப்பின் மேல் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. மைக்காச் செதில் பாதி ஒளி ஊடுருவும் பொருள். உள்ளே போகும் வெளிச்சத்தை வெள்ளை திருப்பி அனுப்பி மினுக்கத்தையே கரைத்துவிடுகிறது, கறுப்பு விழுங்கிக்கொள்கிறது. தங்கத்துக்குக் காவி இன்னும் பொருத்தம், சூடு தெரிகிறது. தங்கத் தாள் ஒட்டுகிறவர்கள் அடியில் செம்மண் பூச்சுப் பூசுவதற்கு ஒரு காரணமும் இதுதான். வெள்ளிக்குச் சாம்பல். செம்பு, கறுப்பின் மேல் பழைய பாத்திரம் மாதிரியும் காவியின் மேல் துலக்கிய பாத்திரம் மாதிரியும் இருக்கிறது. எனக்குக் காவிதான் பிடித்தது.

ஜனவரி 11

பிரஷ் பற்றி ஒன்று. பன்றி முடி பிரஷ் கோடு போடுகிறது, மெத்தென்ற நைலான் பிரஷ்தான் சரி. காய்ந்துகொண்டிருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. நான் போனேன். ஒரு யானையின் பக்கவாட்டில் ‘இங்கே கொஞ்சம் குறைகிறதே’ என்று ஒரு இழுப்பு இழுத்தேன், அந்த இடத்துச் செதில்கள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, காயைத் திருப்பினால் கறுத்த திட்டு. காய்ந்த பிறகு முழுசாக இன்னொரு கை அடித்துத்தான் சரியாயிற்று. கெட்டியாக ஒரு கை அடிப்பதைவிட மெல்லிசாக மூன்று கை அடிப்பது மேல். கடைந்த காய் என்பதால் பிரஷைக் காயைச் சுற்றியே ஓட்ட வேண்டும், மேலிருந்து கீழாக இழுக்கக் கூடாது.

குப்பியை ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் செதில் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, மேலே இருப்பது வெறும் பசை.

ஜனவரி 13

குரோம் ஸ்ப்ரே படுதோல்வி.

டப்பாவில் போட்ட படத்தில் கண்ணாடி. என் குதிரையில் ஈயப் பூச்சு. அது கண்ணாடியாகத் தெரிய அடியில் கண்ணாடி மாதிரியே வழவழப்பு வேண்டும், மரத்தில் அது லேசில் வராது. 20, 30 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூசு மாதிரி அடிக்க வேண்டும் என்று தெரிந்தும், பிடரியின் பள்ளத்துக்குள் போகவில்லையே என்று கிட்டத்தில் கொண்டுபோனேன். பள்ளம் நிரம்பி வழிந்தது. குதிரைக்கு இப்போது பிடரியும் இல்லை, மூக்கும் இல்லை. மறுநாள் மேலே வார்னிஷ் அடித்ததும் இருந்த கொஞ்சநஞ்சப் பளபளப்பும் சாம்பலாகிவிட்டது. அடிக்காமல் விட்டால் விரல் ரேகை அப்படியே பதிகிறது. ஸ்ப்ரே அலமாரிக்குத் திரும்பியாயிற்று. குதிரையை மறுபடி 180-இலிருந்து தேய்க்க வேண்டும்.

ஜனவரி 18

இன்று உபரி ராணிகளின் விசாரணை. முதல் ராணிக்கு டின் தங்கம். இரண்டாவது ராணிக்கு இடுப்புக்கு மேல் அக்ரிலிக் செம்பு, கீழே தங்க மெழுகு. வார்னிஷ் இல்லாமல் ஒரு வாரமாக, போகும்போதும் வரும்போதும் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். சதுரங்கக் காய்க்கு இதுதானே வேலை? படச் சட்டமோ அலங்கார டப்பாவோ என்றால் அடித்து வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்க்கலாம்.

மெழுகு முதல் நாளே விரலில் ஒட்டியது, இப்போது விளிம்பெல்லாம் மரம் தெரிகிறது. தொடாத பொருளில், செதுக்கின் மேட்டில் மட்டும் தேய்க்க அதைவிட அழகானது கிடையாது. இங்கே ஆகாது. டின் தங்கம் தலைப்பக்கம் மங்கத் தொடங்கியிருந்தது, கட்டைவிரலில் மெல்லிய தூள். நேற்று ராத்திரி கொஞ்சம் துணிந்து, உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து இரண்டு ராணிகளின் தலையிலும் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். வியர்வை பல மாதத்தில் செய்வதை அது ஒரு ராத்திரியில் செய்யும் என்ற கணக்கு. காலையில் டின் ராணி நன்றாகப் பல்லிளித்துவிட்டாள். கிரீடத்தில் பச்சைக் களிம்பு. அக்ரிலிக் ராணிக்கு ஒன்றுமே ஆகவில்லை. செம்பு என்பது பெயர்தான், உள்ளே செம்பு இருந்தால்தானே களிம்பு ஏற?

5-ஆம் தேதி போட்ட ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஜனவரி 19

வார்னிஷ். பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் அடித்த சிம்பு சாதாரணப் பழுப்புப் பெயிண்ட் ஆகிவிட்டது. அதிலுள்ள நுண்ணிய சிலிக்காத் தூள் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. மினுக்கத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதைக் கொல்லவும் காசு கொடுப்பானேன்? தண்ணீர் வகைப் பளபள (gloss) வார்னிஷ், மெல்லிசாக இரண்டு கை, முடிவு செய்தாயிற்று.

டின் தங்கத்தையும் காப்பாற்றிப் பார்ப்போமே என்று தின்னர் கலந்த வார்னிஷை அதன் மேல் இழுத்தேன். அடியில் இருந்த பூச்சே கரைந்து, செதில்கள் மிதந்து பிரஷோடு வந்துவிட்டன. போதும்.

ஜனவரி 24

எட்டுக் காய்கள் தங்கத்திலும் எட்டுக் காய்கள் வெள்ளியிலும் தயார். அக்கா மகன் வந்திருந்தான், ராத்திரி மஞ்சள் விளக்கில் பலகையைப் பரப்பினோம். நாலாவது நகர்த்தலில் என் சிப்பாயை எடுத்து அவன் நகர்த்தினான்.

“டேய், அது என்னுது.”

“மாமா, இதுல யாரு என் ஆளு? எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு?”

விளக்கு வெளிச்சத்தில் வெள்ளியும் மஞ்சளாகத்தான் மின்னுகிறது. பகலில் ஜன்னல் ஓரமாகவே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு இது உறைக்கவே இல்லை. அதோடு, 16 காய்கள் சேர்ந்து நிற்கும்போது வெள்ளி நிறம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்ததை அவன் சொல்லாமலே ஒத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 25

புதுத் திட்டம். ஒரு பக்கம் முழுக்கச் செம்பு, காவி அடிப்பூச்சின் மேல். எதிர்ப்பக்கம் கறுப்புச் சாயம், மர ரேகை தெரியும்படி. ஒவ்வொரு காயின் கழுத்து வளையத்தில் மட்டும் அதே செம்பில் ஒரு கோடு. தங்கமும் வெள்ளியும் அடித்த 16 காய்களையும் மறுபடி தேய்க்க வேண்டும். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார்கள்.

கழுத்துக் கோட்டுக்கு வழி கிடைத்தது: பிரஷை அசைக்காமல் மேசை விளிம்பில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, காயை மட்டும் இடது கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கோடு தானாக வட்டமாகிறது.

பிப்ரவரி 5

எல்லாம் முடிந்து கடைசி வார்னிஷ் காய்ந்து மூன்று நாள் ஆயிற்று என்று காய்களைப் பெட்டியில் அடுக்கினேன். இன்று திறந்தால் இரண்டு செம்புச் சிப்பாய்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கின்றன. பிரித்ததில் ஒன்றின் தோளில் நகம் அளவுக்குப் பெயிண்ட் போயிற்று. தொட்டால் காய்ந்திருப்பது வேறு, உள்ளே இறுகியிருப்பது வேறு. அக்ரிலிக் முழுதாக இறுக வாரக்கணக்காகும். வெளியே எடுத்து, ஒன்றோடொன்று படாமல் செய்தித்தாளில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பிரஷ் கழுவிய ஜாடியில் அடியில் ஒரு விரற்கடை மினுமினுப்பு. தொட்டியில் ஊற்றாமல் தெளியவிட்டு, வண்டலைத் தாளில் வழித்துக் குப்பையில் போட்டேன். அந்தத் தண்ணீரில் ஒரு தடவை மறந்து வெள்ளைப் பெயிண்ட் பிரஷைக் கழுவி, நான் அடித்த வெள்ளை அலமாரிக் கதவு இன்றும் லேசாக மின்னுகிறது.

பிப்ரவரி 28

அடியில் வெல்வெட் வட்டம் ஒட்டியாயிற்று. அதே மஞ்சள் விளக்கு, அதே எதிராளி. செம்பு அவனுக்கு. காய் மாறவில்லை. தோள் உரிந்த சிப்பாயை ஒட்டுப்போட்டும் அடையாளம் கண்டுபிடித்து, அதையே முதலில் நகர்த்தினான்.

முக்கால் மணி நேரம் ஆட்டம். முடிந்ததும் அவன் கட்டைவிரலை வாங்கி வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தேன்.

“என்ன மாமா, தோத்ததுக்குக் கைரேகை எடுக்கறீங்களா?”

தாள் வெள்ளையாகவே இருந்தது.